ஒரு வருஷ லாபமும் பத்து வருஷக் கணக்கும்: சுரங்கப் பங்கை மதிப்பிடுவது பற்றி

சுரங்கப் பங்குகளைப் பற்றிப் பேச அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்குத் தனி உரிமை உண்டு. 1955 ஜனவரியில் ஆவடியில், சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிடப்பட்ட மாநாட்டுத் திடலில் கூடிய காங்கிரஸ்தான் சோஷலிச பாணி சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு வந்த தொழிற்கொள்கைத் தீர்மானம் நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, இரும்புத்தாது ஆகியவற்றை அரசின் தனிப்பொறுப்பில் வைத்தது. அதே 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1958 நவம்பரில் என்.எம்.டி.சி. என்கிற தேசிய கனிம வளர்ச்சிக் கழகம் பிறந்தது. இன்றைய சத்தீஸ்கரில், பைலாடிலா மலையில், முதலில் ஜப்பானிய உருக்காலைகளுக்காக இரும்புத்தாது வெட்டத் தொடங்கிய நிறுவனம் அது. இன்று அதன் பங்கை யாரும் கைப்பேசியில் வாங்கலாம். ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் தம் சேமிப்பில் அதை வாங்க நினைத்தால் எந்த விலை நியாயமான விலை என்று எப்படித் தீர்மானிப்பார்? என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

வழக்கமான பதில் பி.இ. விகிதம். பங்கின் விலையைக் கடைசி ஓராண்டில் ஒரு பங்குக்குக் கிடைத்த லாபத்தால் வகுப்பது. சோப்பு, பற்பசை விற்கும் கம்பெனிக்கு இது ஓரளவு சரிவரும். போன வருஷ லாபமும் இந்த வருஷ லாபமும் அங்கே அக்கம்பக்கத்தில் இருக்கும். சுரங்கத்தில் அப்படி இல்லை. சர்வதேசச் சந்தையில் ஒரு டன் இரும்புத்தாது 2011-இல் 190 டாலரைத் தொட்டது. 2015 டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே போனது. 2021 மே மாதம் 230 டாலரைத் தாண்டியது. தாதுவை வெட்டி எடுக்கிற செலவு இந்த வேகத்தில் ஏறி இறங்குவதில்லை. ஆகவே விலையில் விழும் ஒவ்வொரு டாலரும் பெரும்பாலும் லாபத்திலிருந்துதான் கழிகிறது. லாபம் உச்சத்தில் இருக்கும் வருஷத்தில் பி.இ. தாழ்ந்து, பங்கு மலிவாகத் தெரியும். லாபம் படுத்துவிட்ட வருஷத்தில் பி.இ. உயர்ந்து, பங்கு விலையேறியதாகத் தெரியும். வாங்கக் கூடாத நேரத்தில் வா என்றும், யோசித்துப் பார்க்க வேண்டிய நேரத்தில் போ என்றும் சொல்லுகிற அளவுகோல் இது.

இந்த வட்டாரத்துப் பட்டறைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை கைமாறுகிறது என்றால் வாங்குகிறவர் போன மாத ஆர்டர் புத்தகத்தைப் பார்த்து விலை பேசுவதில்லை. 2008-09 மந்தத்தில் எத்தனை ஷிப்ட் ஓடியது, 2019-இல் வண்டி விற்பனை படுத்தபோது சம்பளம் எங்கிருந்து வந்தது, 2020 ஊரடங்கை எப்படித் தாண்டினார்கள் என்று கணக்குப் புத்தகங்களைப் பின்னோக்கிப் புரட்டுவார். நல்ல காலமும் கெட்ட காலமும் சேர்ந்த ஒரு முழுச் சுற்றில் அந்தப் பட்டறை சராசரியாக என்ன சம்பாதித்தது என்பதே அவருக்கு வேண்டிய எண். சுரங்கப் பங்குக்கும் நமக்கு அதே எண்தான் வேண்டும். பங்கு மதிப்பீட்டின் முன்னோடிகளான பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும் 1934-இலேயே, ஓராண்டு லாபத்தை நம்பாதீர்கள், ஏழு அல்லது பத்தாண்டுச் சராசரியைப் பாருங்கள் என்று எழுதினார்கள். 1988-இல் பொருளாதார அறிஞர்கள் ராபர்ட் ஷில்லரும் ஜான் கேம்ப்பெல்லும் அதில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள்: பத்தாண்டு லாபங்களைக் கூட்டும் முன் ஒவ்வொன்றையும் பணவீக்கத்துக்கு ஏற்ப இன்றைய பணத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அவர்கள் இதை அமெரிக்கச் சந்தை முழுவதற்கும் பயன்படுத்தினார்கள். தனி ஒரு சுரங்கக் கம்பெனிக்கு இது செல்லுமா என்பதை என்.எம்.டி.சி.யின் கணக்கை வைத்தே சோதித்துப் பார்ப்போம்.

பணவீக்கத்தை எதைக் கொண்டு அளப்பது? நம் கைக்கெட்டிய இடத்திலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. பட்டாபிராமிலோ திருநின்றவூரிலோ பழைய மனை ஒன்றை விற்றவர்கள் ஆடிட்டர் போடுகிற அந்தப் பெருக்கலைப் பார்த்திருப்பார்கள்: வாங்கிய விலையை விற்ற ஆண்டின் குறியீட்டு எண்ணால் பெருக்கி, வாங்கிய ஆண்டின் எண்ணால் வகுப்பது. வருமான வரித்துறையின் செலவுப் பணவீக்கக் குறியீடு அது. 2001-02-இல் 100, 2009-10-இல் 148, 2015-16-இல் 254, 2021-22-இல் 317. மனைக்குப் போடுகிற அதே பெருக்கலைக் கம்பெனி லாபத்துக்கும் போடலாம். ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். நுகர்வோர் விலை உயர்வில் முக்கால் பங்கைத்தான் இந்தக் குறியீடு கணக்கில் எடுக்கிறது. ஆகவே இதைக் கொண்டு செய்யும் திருத்தம் உண்மையில் தேவைப்படுவதை விடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். சுரங்கத்தின் செலவு டீசலும் டயரும் வெடிமருந்தும்தானே, மொத்தவிலைக் குறியீடு அல்லவா பொருத்தம் என்று கேட்கலாம். கம்பெனியின் நிர்வாகிக்கு அது பொருத்தம். பங்குதாரர் ஈவுத்தொகையைக் கொண்டு அரிசி வாங்குகிறார், மருந்து வாங்குகிறார், பேத்தியின் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார். அவருக்குத் தேவை வீட்டுச் செலவின் அளவுகோல்.

இனிக் கணக்கு. முதலில் 2010 மார்ச். மத்திய அரசு தன் கையில் இருந்த 98 சதவீதத்துக்கும் மேலான என்.எம்.டி.சி. பங்கை 90 சதவீதமாகக் குறைக்க, பங்கு ஒன்றை 300 ரூபாய்க்கு மக்களிடம் விற்றது. அன்று இருந்த பங்குகள் சுமார் 396 கோடி. அந்த விலையில் கம்பெனியின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 1,19,000 கோடி ரூபாய். அதுவரை அது கண்ட மிக உயர்ந்த ஆண்டு லாபம் 2008-09-இல் வந்த சுமார் 4,370 கோடி. இங்கே பத்தாண்டுச் சராசரியைப் போடக்கூட வேண்டியதில்லை. சராசரி எப்போதும் உச்சத்துக்குக் கீழேதான் இருக்கும். அந்த உச்ச லாபத்தைப் பணவீக்கத்துக்குத் திருத்தினாலும் சுமார் 4,700 கோடிதான். அதற்கே விலை 25 மடங்கு. தாதுவுக்கு அதற்கு முன் கண்டிராத விலை கிடைத்த சில ஆண்டுகளின் லாபம், இனி எந்நாளும் நிலைக்கும், மேலும் பெருகும் என்று வைத்து நிர்ணயித்த விலை அது. 2016-இல் அதே கம்பெனி 80 கோடிப் பங்குகளைத் திரும்ப வாங்கியபோது கொடுத்த விலை 94 ரூபாய். 2010-இன் 300 ரூபாய் 2016-17-இன் பணத்தில் 535 ரூபாய்க்குச் சமம். இடையில் நல்ல ஈவுத்தொகை வந்தது உண்மை. இந்தப் பள்ளத்தை நிரப்ப அது போதாது.

இரண்டாவது, அந்த 94 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். அதில் கம்பெனியின் மதிப்பு சுமார் 37,300 கோடி. 2015-16-இல் தாது விலை படுத்து, லாபம் சுமார் 3,000 கோடியாகச் சுருங்கியிருந்தது. ஆகவே பி.இ. 12. சுருங்கும் தொழிலுக்கு 12 மடங்கா என்று பலர் ஒதுங்கினார்கள். 2006-07 முதல் 2015-16 வரையிலான பத்து லாபங்களையும் 2015-16 ரூபாய்க்கு மாற்றிச் சராசரி எடுத்தால் சுமார் 7,000 கோடி வருகிறது. விலை அதற்கு ஐந்து மடங்கை ஒட்டித்தான் இருந்தது. மூன்றாவது, 2022 மார்ச். லாபம் சுமார் 9,400 கோடி, கம்பெனி வரலாற்றிலேயே அதிகம். பங்கு 160 ரூபாயை ஒட்டி இருந்தது. திரும்ப வாங்கியவை போக மீதமிருந்தவை 293 கோடிப் பங்குகள். பி.இ. ஐந்து. படு மலிவு என்று தோன்றும். பத்தாண்டுக் கணக்கோ சராசரி சுமார் 6,400 கோடி, விலை அதற்கு ஏழு மடங்குக்கு மேல் என்று காட்டியது. அடுத்த ஆண்டு லாபம் சுமார் 5,500 கோடிக்கு இறங்கியது. ஓராண்டு பி.இ. 2016-இல் 12 என்றும் 2022-இல் 5 என்றும் சொல்லி, 2022-தான் பாதிக்கும் குறைவான விலை என்று நம்ப வைத்தது. பத்தாண்டுக் கணக்கு அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது.

அந்த வரலாறு காணாத லாபத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். 2011-12-இல் இதே கம்பெனியின் லாபம் சுமார் 7,270 கோடி. 2021-22 ரூபாயில் அது 12,500 கோடி. அதாவது சாதனை என்று கொண்டாடப்பட்ட 9,400 கோடி, உண்மை மதிப்பில், பத்தாண்டுக்கு முன் சம்பாதித்ததில் முக்கால் பங்குதான். அன்று வெட்டியது சுமார் 27 மில்லியன் டன்; 2021-22-இல் 42 மில்லியன் டன். டன்னுக்குக் கணக்குப் போட்டால் லாபம் பாதிக்கும் கீழே போய்விட்டது. கூடுதல் மலையை வெட்டிக் குறைவாகச் சம்பாதித்திருக்கிறது. பணவீக்கத்தைத் திருத்தாமல் எந்த ஆண்டறிக்கையைப் படித்தாலும் இது கண்ணில் படாது. இந்த ஓர் உண்மைக்காகவே இந்த முறையை நான் வற்புறுத்துகிறேன்.

ஆனால் இதே கணக்கு முறையின் குறையையும் காட்டுகிறது. அதை மறைத்துவிட்டுப் போவது நியாயமில்லை. 2016-இல் பத்தாண்டுச் சராசரி 7,000 கோடி என்றது. அதற்குப் பின் வந்த ஆறு ஆண்டுகளின் லாபத்தை அதே 2015-16 ரூபாய்க்கு மாற்றினால் சராசரி சுமார் 4,400 கோடிதான். ஓராண்டுக் கணக்கின் 3,000 கோடி தாழ்வாகப் பிழைத்தது. பத்தாண்டுக் கணக்கின் 7,000 கோடி உயர்வாகப் பிழைத்தது. தூரத்தை அளந்தால் பத்தாண்டுக் கணக்கின் பிழைதான் பெரிது. விலை மலிவு என்ற திசையை அது சரியாகச் சொன்னது; எவ்வளவு மலிவு என்பதில் தவறியது. ஏன்?

முதற்காரணம், அந்தப் பத்தாண்டும் சீனா இரும்பை விழுங்கிக்கொண்டிருந்த காலத்துக்குள்ளேயே விழுந்துவிட்டது. நிலக்கரி, தாது, செம்பு ஆகியவற்றின் ஏற்ற இறக்கம் சில சமயம் பத்தாண்டுக்கும் நீளும். பத்து என்ற எண்ணில் தெய்வீகம் எதுவும் இல்லை. ஒரு முழுச் சுற்று அடங்குகிற காலம் என்பதே அதன் பொருள். சுற்று நீண்டால் கணக்கையும் நீட்ட வேண்டும். 2011-12-இன் லாபத்துக்கு இன்னொரு தனிக்காரணமும் உண்டு. கர்நாடகத்தின் பெல்லாரியில் நடந்த சட்டவிரோதச் சுரங்க வேலையால் 2011-இல் உச்ச நீதிமன்றம் அங்கே தாது வெட்டுவதை நிறுத்தியது, என்.எம்.டி.சி.க்கு மட்டும் மாதம் பத்து லட்சம் டன் வெட்ட அனுமதி தந்தது. பக்கத்துக் கடைகளெல்லாம் மூடியிருக்கும் தெருவில் ஒரு கடை மட்டும் திறந்திருந்தால் வருகிற லாபம் அது. போதாததற்கு அந்த நாளில் கம்பெனி வங்கியில் பெரும் ரொக்கத்தை வைத்திருந்தது. அதன் வட்டியும் லாபத்தில் சேர்ந்திருந்தது. பின்னால் பங்குகளைத் திரும்ப வாங்கியதிலும் ஈவுத்தொகையிலும் அந்த ரொக்கம் கரைந்தது. ஆகவே சராசரியில் சேர்க்கும் முன் ஒவ்வொரு ஆண்டின் லாபத்தையும் பிரித்துப் பார்த்து, தாதுவிலிருந்து வந்தது எவ்வளவு, வட்டியிலிருந்து வந்தது எவ்வளவு என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் இதை விடப் பெரிது: அரசின் பங்கு. மண்ணுக்கடியில் இருக்கும் தாது மாநிலத்தின் சொத்து. கம்பெனி குத்தகைக்காரர் மட்டுமே. 2014 செப்டம்பரில் இரும்புத்தாதுவின் ராயல்டி விற்பனை விலையில் 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானது. 2015-இல் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குத் தனிப் பங்கு வந்தது. கர்நாடகத்தில் தோணிமலைச் சுரங்கத்தின் குத்தகையைப் புதுப்பிக்க மாநிலம் கேட்ட தொகையில் பிணக்கு ஏற்பட்டு, 2018 நவம்பர் முதல் 2021 பிப்ரவரி வரை அது மூடிக் கிடந்தது. 2021-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, நீட்டிக்கப்பட்ட குத்தகைகளுக்கு அரசு நிறுவனங்கள் ராயல்டியைப் போல ஒன்றரை மடங்கை மேலதிகமாகக் கட்ட வேண்டும். 15-உடன் இருபத்திரண்டரையைக் கூட்டுங்கள்: நூறு ரூபாய் விலையில் முப்பத்தேழரை ரூபாய் மாநிலத்துக்கே போகிறது. 2011-12-இன் லாபம் 10 சதவீத ராயல்டிக் காலத்து லாபம். அதைப் பணவீக்கத்துக்குத் திருத்தினால் மட்டும் அது இன்றைய லாபம் ஆகிவிடாது. இன்றைய ராயல்டிக்கும் திருத்த வேண்டும். பழைய ஆண்டுகளின் விற்பனையை எடுத்து இன்றைய விகிதத்தில் அரசின் பங்கைக் கழித்துப் பார்ப்பது ஒரு மாலை நேரத்து வேலைதான். ஷில்லர் இதைச் சொல்லவில்லை. ஒரு நாட்டுச் சந்தை முழுவதற்கும் அது தேவைப்படவும் இல்லை. தனிச் சுரங்கத்துக்கு இது இல்லாமல் கணக்கே இல்லை என்பது என் முடிவு. மாநிலம் கூடுதலாகக் கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. பைலாடிலா இருக்கும் பஸ்தரின் மலை தேய்வதற்கு அந்த மண்ணின் மக்களுக்குச் சேர வேண்டியது சேரத்தான் வேண்டும். அது சேரும் என்று எதிர்பார்த்து விலை கொடுப்பதுதான் முதலீட்டாளரின் கடமை.

இனி ஒரு கடுமையான ஆட்சேபம். சுரங்கம் என்பது தின்று தீர்க்கிற சொத்து; பத்தாண்டுச் சராசரி அடுத்த நூறாண்டுக்கும் வரும் என்பது போல விகிதம் போடுவது எப்படிச் சரி? இதற்கு நல்ல சாட்சி கோலார் தங்கவயல். அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகிற இதே ரயில் பாதைதான் ஜோலார்பேட்டை கடந்து பங்காருப்பேட்டைக்குப் போகிறது; அங்கிருந்து ஒரு கிளை தங்கவயலுக்கு. வட ஆற்காட்டிலிருந்தும் அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கித் தங்கம் வெட்டின. ஜான் டெய்லர் கம்பெனி 1880-களில் தொடங்கியது. பின்னாளில் அதை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. ஆழம் கூடக்கூடச் செலவு ஏறியது. டன்னுக்குக் கிடைத்த தங்கம் இறங்கியது. அங்கே எந்தப் பத்தாண்டின் சராசரியும் அடுத்த பத்தாண்டுக்கு வழிகாட்டியிருக்காது. ஆகவே இந்த ஆட்சேபத்தை நான் முழுவதுமாக ஏற்கிறேன். பத்தாண்டுச் சராசரியைக் கொண்டு விகிதம் போடும் முன், மீதமிருக்கும் தாது எத்தனை ஆண்டுக்கு வரும், அதன் தரம் என்ன என்று பார்த்தே ஆக வேண்டும். பைலாடிலாத் தாது உயர்தரமானது; பல பத்தாண்டுகளுக்கு வரக்கூடியது. அதனால்தான் இந்தக் கணக்கை அங்கே போட முடிகிறது. எட்டு வருஷத்துக் கையிருப்புள்ள சுரங்கத்துக்கு இதைப் போடவே கூடாது. வரப்போகும் எட்டு வருஷ லாபத்தைக் கூட்டி, மூடும் செலவைக் கழித்து, அவ்வளவுதான் மதிப்பு என்று எழுதுங்கள்.

தாது தீராமலே சுரங்கம் நிற்பதும் உண்டு. கோவாவில் 2012 செப்டம்பரில் மாநில அரசும், அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் இரும்புத்தாது வெட்டுவதை நிறுத்தின. மீண்டும் தொடங்கியபின், 2018 பிப்ரவரியில் 88 குத்தகைகளின் புதுப்பிப்பு ரத்தானது. அந்த நாளின் காலையில் போட்ட சராசரிக்கு அன்று மாலையில் மதிப்பில்லை. சிலர் இதைக் காட்டி, அப்படியானால் பழைய கணக்கால் என்ன பயன், சந்தை இன்று சொல்லும் விலையே எல்லாம் அறிந்த விலை என்பார்கள். 2010 மார்ச்சில் 300 ரூபாய் சொன்னதும் விலைதான். 2016-இல் 94 சொன்னதும் விலைதான். ஆறு ஆண்டுகளில் பைலாடிலா மலை மூன்றில் ஒன்றாகக் குறையவில்லை. நீதிமன்றத் தீர்ப்பைப் பழைய கணக்கு முன்னறியாது. எந்தக் கணக்கும் அறியாது. ஒரே மாநிலத்தின் ஒரே பள்ளத்தாக்கை நம்பியிருக்கும் கம்பெனிக்குக் குறைந்த மடங்கே கொடுக்க வேண்டும் என்பதுதான் அங்கே கிடைக்கும் பாடம்.

அரசின் பங்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதற்கு நம் மாநிலத்தின் பெயரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. ராயல்டி என்பது வரிதான், அதன் மேல் மாநிலம் செஸ் போட முடியாது என்று 1989-இல் இந்தியா சிமென்ட்ஸ் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 2024 ஜூலையில், ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: ராயல்டி வரியாகாது, கனிம உரிமைகள் மீது மாநிலங்கள் தனியே வரி விதிக்கலாம். அடுத்த மாதம், 2005 ஏப்ரல் முதல் உள்ள பாக்கியையும் கேட்கலாம், ஆனால் 2026 ஏப்ரலிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளில் தவணையாக வாங்க வேண்டும் என்றது. தமிழ்நாடு அதே ஆண்டில் கனிமம் உள்ள நிலத்துக்கான வரிச் சட்டத்தை நிறைவேற்றி, 2025-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்று ஒரு சுரங்கப் பங்கின் பத்தாண்டு அட்டவணையை எழுத உட்காருகிறவர், கடந்த லாபங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசையும் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்: எந்தெந்த மாநிலத்தில் குத்தகை, அந்த மாநிலம் 2005 முதல் என்ன வரி விதித்திருந்தது, அதில் கட்டாதது எவ்வளவு. ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில், வழக்கில் உள்ள பொறுப்புகள் என்ற தலைப்பில், சிறிய எழுத்தில் அது இருக்கும்.